டச்சு மொழியில் நேரம் சொல்ல ஆங்கிலம் எதற்கு?

நெதர்லாந்துக்கு வேலைக்கு வருகிற நம்மவர்கள், நான் பார்த்தவரை, டச்சு மொழியை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறார்கள். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் விளக்குகிறது. கைபேசிச் செயலி ஆங்கிலத்திலிருந்து மாற்றச் சொல்கிறது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதும் ஆங்கிலத்தில்தான். மற்ற விஷயங்களில் இதனால் பெரிய கேடு இல்லை. இரண்டும் பங்காளி மொழிகள், பாதிச் சொற்கள் பார்த்ததுமே புரிந்துவிடும். ஆனால் நேரத்தைக் குறிக்கிற முன்னிடைச்சொற்கள் (பெயருக்கு முன்னால் நிற்கிற சின்னச் சொற்கள்) என்று வந்துவிட்டால் அந்தப் பங்காளி உறவே காலை வாரிவிடுகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற சொல், வேறு ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இங்கே நூலகங்களில் 'டால்கஃபே' என்று ஒன்று நடத்துவார்கள். புதிதாக வந்தவர்களும் ஊர்க்காரர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே டச்சு பேசிப் பழகலாம். அப்படி ஒரு மேசையில் எனக்குக் கிடைத்த எண்ணம்தான் இந்தக் கட்டுரை: தமிழ் தெரிந்தவர் டச்சு நேரச் சொற்களைத் தமிழ் வழியாகவே படித்தால் போதும். பல இடங்களில் அதுதான் நேர்வழியும்கூட. (டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழத்தான் எழுத முடியும். 'ஹ' என்று நான் எழுதுகிற இடங்களில் பெரும்பாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல வேண்டும்.)

முதலில் சுலபமானவை. மணிக்கு 'ஒம்'. 'ஒம் ட்ரீ யூர்' என்றால் மூன்று மணிக்கு. தேதிக்கும் கிழமைக்கும் 'ஒப்'. 'ஒப் வெய்ஃப் மே' என்றால் மே 5 அன்று. மாதம், வருஷம், பருவம் இவற்றுக்கு 'இன்'. 'இன் மே' மே மாதத்தில், 'இன் ட ஸோமர்' கோடையில். தமிழில் இந்த மூன்றுக்கும் முறையே -க்கு, அன்று, -இல் என்று தனித்தனியாக இருக்கின்றன. மூன்று மணியில் என்றோ மே மாதம் அன்று என்றோ நாம் யாரும் சொல்வதில்லை. காது ஏற்கெனவே பழகியிருக்கிறது, மேலே ஒட்டுகிற சீட்டுதான் புதிது.

இவை சேர்ந்து வருவதைக் கேட்க மே 4 நல்ல நாள். இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பிந்தைய போர்களிலும் இறந்தவர்களுக்காக நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். அந்த நேரத்தைச் சொல்கிற தொடர், 'ஒப் வீர் மே ஒம் ஆஹ்ட் யூர் ஸாவன்ட்ஸ்'. நான்காம் தேதியன்று, எட்டு மணிக்கு, மாலையில். அடுத்த நாள், 'ஒப் வெய்ஃப் மே', விடுதலை நாள். கடைசியில் வருகிற 'ஸாவன்ட்ஸ்' சுவையான சொல். அதில் முன்னிடைச்சொல்லே கிடையாது. பழைய டச்சு மொழியில் வேற்றுமை காட்டிய 'டெஸ்' என்ற சொல் வெறும் 'ஸ்' ஆகத் தேய்ந்து சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 'ஸ்மோர்ஹன்ஸ்' காலையில், 'ஸாவன்ட்ஸ்' மாலையில், 'ஸ்நாஹ்ட்ஸ்' இரவில். உருபு ஒட்டிக் காலம் சொல்வது நமக்கு அன்றாட வேலை. இதைக் கண்டு மிரள வேண்டியதே இல்லை.

கிழமைகளில் ஒரு சின்ன நெளிவு உண்டு. வருகிற திங்கட்கிழமையைச் சொல்லும்போது பேச்சில் பெரும்பாலும் 'ஒப்' கூட வேண்டாம். 'இக் கோம் மான்டாஹ்' என்றால் திங்கட்கிழமை வருகிறேன். தமிழிலும் அப்படித்தானே, எதையும் ஒட்டாமல் சொல்லிவிட்டுப் போகிறோம். வாராவாரம் நடப்பதைச் சொல்ல 'ஒப் மான்டாஹ்' அல்லது 'மான்டாஹ்ஸ்': திங்கட்கிழமைகளில்.

பண்டிகைகளுக்கு வருவோம். பிறமொழிக்காரர்கள் தடுமாறுகிற, நாம் தடுமாறவே தேவையில்லாத இடம் இது. கிறிஸ்துமஸ் சமயத்தைச் சொல்ல டச்சுக்காரர்கள் 'மெட் கெர்ஸ்ட்' என்பார்கள். 'மெட்' என்பதற்கு அகராதி சொல்கிற முதல் பொருள் 'உடன்'. கிறிஸ்துமஸுடன் என்ன செய்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருக்கும். ஆங்கிலத்தின் 'வித்' இங்கே கைகொடுக்காது. தமிழ் கைகொடுக்கும். "பொங்கலுக்கு ஊருக்குப் போறியா?" என்று கேட்கும்போது அந்த '-க்கு' ஒரு நாளைக் குறிப்பதில்லை. விடுமுறை, பயணம், வீட்டுக் கூட்டம், பலகாரம் எல்லாம் சேர்ந்த அந்தச் சமயத்தையே குறிக்கிறது. 'மெட் கெர்ஸ்ட்', 'மெட் பாஸன்' (ஈஸ்டருக்கு), 'மெட் அவுட் என் நியூ' (வருஷப் பிறப்புக்கு) எல்லாமே இந்த '-க்கு' தான். குறிப்பிட்ட நாள் என்றால் உடனே 'ஒப்' வந்துவிடும். இங்கே கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் விடுமுறை, டிசம்பர் 25-உம் 26-உம். "முதல் நாள் அன்று மாமியார் வீடு, இரண்டாம் நாள் அன்று அம்மா வீடு" என்று பிரிக்கும்போது 'ஒப் ஏர்ஸ்ட கெர்ஸ்ட்டாஹ்', 'ஒப் ட்வேட கெர்ஸ்ட்டாஹ்'. பொங்கலுக்கு, பொங்கலன்று. இந்த இரண்டின் வித்தியாசம் தெரிந்தவருக்கு 'மெட்', 'ஒப்' வித்தியாசத்தைத் தனியாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

அடுத்தது எவ்வளவு காலமாக என்கிற கேள்வி. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேசைக்கு வருகிற ஒரு கோயம்புத்தூர்ப் பெண், பொறியாளர், ஒருநாள் கேட்டாள்: "அக்கா, 'வோர்'னா 'ஃபார்' தானே? அப்போ 'இக் வோன் ஹீர் வோர் ட்வே யார்'னு சொன்னா ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்னுதானே அர்த்தம்?"

அவள் சொன்னதைக் கேட்கிற டச்சுக்காரர், "ஓ, இரண்டு வருஷத்துக்கு வந்திருக்கிறாயா, அப்புறம் திரும்பிவிடுவாயா?" என்றுதான் புரிந்துகொள்வார். ஒரு காலத்துக்கு முன்னால் வருகிற 'வோர்', திட்டமிட்டு ஒதுக்கிய காலத்தைச் சொல்லும். ஏற்கெனவே கடந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காலத்துக்கு 'அல்' வேண்டும்: 'இக் வோன் ஹீர் அல் ட்வே யார்'. நான் அவளிடம் இலக்கணம் எதுவும் பேசவில்லை. "ரெண்டு வருஷமா இருக்கேன், ரெண்டு வருஷத்துக்கு வந்திருக்கேன். இதில் எது உனக்கு வேணும்?" என்று மட்டும் கேட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள். வருஷமாக என்றால் 'அல்', வருஷத்துக்கு என்றால் 'வோர்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், வித்தியாசத்தை வினைச்சொல் தலையில் கட்டிவிடுவார்கள். டச்சிலும் தமிழிலும் காலத்தைச் சுமக்கிற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

வினைச்சொல்லும் நம் பக்கம்தான். ஆங்கிலம் இந்த இடத்தில் ஒரு கூட்டு இறந்தகாலத்தைக் கேட்கும். பள்ளியில் அதைப் படிக்க நாம் பட்ட பாடு நினைவிருக்கும். டச்சுக்கு வெறும் நிகழ்காலம் போதும், "இருக்கிறேன்" என்பதைப் போல. 'சின்ட்ஸ் 2019' என்றாலும் அப்படியே: 2019 முதல் இங்கே இருக்கிறேன். கடந்து முடிந்ததைச் சொல்கிற 'ஹெலேடன்' இன்னும் நெருக்கம். அது பெயருக்குப் பின்னால் வரும். 'ட்ரீ யார் ஹெலேடன்', மூன்று வருஷத்துக்கு முன்னால். நம் '-க்கு முன்னால்' எங்கே நிற்குமோ அங்கேயேதான் அதுவும் நிற்கிறது.

எதிர்காலத்துக்குப் போனால் அரசுக் கடிதங்கள் வந்துவிடும். அங்கே விளையாட முடியாது. மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 'ஓவர் ட்ரீ டாஹன்' என்றால் மூன்று நாள் கழித்து. 'பின்னன் ட்ரீ டாஹன்' என்றால் மூன்று நாளுக்குள். 'இன் ட்ரீ டாஹன்' என்றால் வேலைக்கு மூன்று நாள் பிடித்தது, மூன்றே நாளில் முடித்தேன். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரே 'இன்' போடுவார்கள். 'கழித்து', '-க்குள்', '-இல்' என்று தமிழில் பக்கத்தில் எழுதிக்கொண்டால் அந்தச் சிக்கலே எழாது.

'பின்னன்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் நாட்காட்டியை எடுத்துவிடுங்கள். அரசு அலுவலகம் ஒன்று உங்களுக்குப் பாதகமாக முடிவெடுத்தால், அதை எதிர்த்து எழுதப் பொதுவாக ஆறு வாரம் அவகாசம் தருகிறது இந்த நாட்டுச் சட்டம். கடிதத்தின் கடைசிப் பத்தியில் 'பின்னன் ஸெஸ் வேகன்' என்று சின்னதாக இருக்கும். ஆறு வாரத்துக்குள். ஆறு வாரம் கழித்து அல்ல. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள குடியேறுவோர் சட்டமும், அதன்கீழ் வருகிறவர்களை 'பின்னன் ட்ரீ யார்' மொழித் தேர்வுகளை முடிக்கச் சொல்கிறது. ஒரு முன்னிடைச்சொல்லைச் சரியாகப் படிப்பதில் ஒருவருடைய உரிமையே அடங்கியிருக்கிறது. பாடப் புத்தகங்கள் இதை ரயில் நேரம், சினிமா நேரம் என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

'ஓவர்' கடிகாரத்திலும் வரும். 'க்வார்ட் ஓவர் ட்ரீ' மூன்றேகால். மூன்று கழிந்து ஒரு கால். மூன்று நாள் கழித்து என்பதில் உள்ள அதே 'கழிந்து' தான். நாளை மறுநாளுக்கு 'ஓவர்மோர்ஹன்'. அங்கேயும் நாளையைத் தாண்டிப் போகிறோம். ஒரே பொருள் மூன்று இடத்தில் வேலை செய்வது தெரிந்தபின் இந்தச் சொல் மறக்காது.

சரி, தமிழ் கைகொடுக்காத இடத்துக்கு வருவோம். 'ஹால்ஃப் வீர்'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் அரை நான்கு. ஆனால் அது மூன்றரை. நாம் முடிந்த மணியைச் சொல்லி அரையைக் கூட்டுகிறோம். அவர்கள் நடக்கிற மணியில் பாதி வந்துவிட்டது என்கிறார்கள். ஆங்கிலேயர்கள் பேச்சுவழக்கில் 'ஹாஃப் ஃபோர்' என்றால் நாலரை. அந்த ஆங்கிலம் பழகியவர் டச்சுக்காரரைச் சந்திக்கப் போனால் ஒரு மணி நேரம் பிந்திப் போவார். மருத்துவரிடம் 'அஃப்ஸ்ப்ராக்', அதாவது நேரம், வாங்கியிருந்தால் அது போயே போய்விடும். இங்கே குடும்ப மருத்துவரிடம் ஒருவருக்குப் பொதுவாகப் பத்து நிமிடம்தான் ஒதுக்குவார்கள். அடுத்தவர் உள்ளே போய்விட்டிருப்பார்.

இதற்கும் தமிழில் ஒரு பிடி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது கடிகாரத்தில் இல்லை, வயதில் இருக்கிறது. "பிள்ளைக்கு மூணு முடிஞ்சு நாலு நடக்குது" என்கிறோமே, அந்த நாலுதான் 'ஹால்ஃப் வீர்' என்பதில் வரும் நாலு. நாலாவது நடக்கிறது, அதில் பாதி ஆகிவிட்டது. இப்படிச் சொன்னால் பெரியவர்கள்கூட டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அதோடு முடிவதில்லை. அரைமணியைச் சுற்றியுள்ள நிமிடங்களையும் அரையிலிருந்தே எண்ணுவார்கள். 3:25 என்பது 'வெய்ஃப் வோர் ஹால்ஃப் வீர்', அரைக்கு ஐந்து முன். 3:35 என்பது 'வெய்ஃப் ஓவர் ஹால்ஃப் வீர்', அரை கழிந்து ஐந்து. நெதர்லாந்தில் 3:20-ஐயே 'டீன் வோர் ஹால்ஃப் வீர்' என்பார்கள். பெல்ஜியத்தில் 'ட்வின்டஹ் ஓவர் ட்ரீ', அதாவது மூன்று இருபது என்று சொல்வதையும் கேட்கலாம். மேசையில் ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தை வைத்து முள்ளைக் கையால் திருப்பிக்கொண்டே சொல்லிப் பார்ப்போம். டிஜிட்டல் எண்களைப் பார்த்துப் பழகினால் இது ஏறவே ஏறாது. பெரிய முள் கீழே ஆறை நோக்கி இறங்குவதையும் அதைத் தாண்டி ஏறுவதையும் கண் பார்க்கும்போது 'வோர்', 'ஓவர்' தானாக வாயில் வந்து நிற்கிறது. முள்ளுள்ள கடிகாரம் ஒன்று வாங்கி அடுப்படியில் மாட்டுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

தமிழில் இல்லாத, இருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் ஏங்குகிற ஒரு தொடரும் உண்டு: 'இன் ட நாஹ்ட் வன் ஸாடர்டாஹ் ஒப் ஸொன்டாஹ்'. சனியிலிருந்து ஞாயிறுக்குப் போகிற இரவில். "சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி விமானம்" என்று ஊரிலிருந்து யாராவது சொன்னால் நமக்கு வயிற்றைக் கலக்கும். வெள்ளி இரவு தூங்காமல் போக வேண்டியதா, சனி இரவா? சூரியன் உதித்த பின்தான் அடுத்த நாள் என்று பஞ்சாங்கம் கணக்கு வைத்திருக்கிறது, விமான நிறுவனம் நள்ளிரவிலேயே தேதியை மாற்றிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நாம். டச்சில் இரண்டு கிழமையையும் 'வன்', 'ஒப்' போட்டுச் சொல்லிவிடுவதால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அந்தத் தொடர் இந்த நாட்டின் நினைவில் அழுத்தமாகப் பதிந்திருக்கும் நிகழ்வு ஒன்று இருக்கிறது. 1953-ல், சனிக்கிழமை ஜனவரி 31-க்கும் ஞாயிறு பிப்ரவரி 1-க்கும் இடைப்பட்ட இரவில், வடகடலில் புயலும் பெருவோதமும் (கடல் வழக்கத்தைவிட உயர்ந்து ஏறுவது) ஒன்றாக வந்தன. ஸேலன்ட் மாகாணத்திலும் அதை ஒட்டிய தீவுகளிலும் பிரபான்ட்டின் மேற்கிலும் கரைகள் உடைந்தன. மக்கள் தூக்கத்தில் இருந்தபோதே தண்ணீர் வந்துவிட்டது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் டெல்டா அணைத் திட்டங்கள் எழுந்தன. ஓஸ்டர்ஸ்ஹெல்ட புயல் தடுப்பணை 1986-ல் திறக்கப்பட்டது. அந்த இரவைப் பற்றி எழுதும்போது 'வன் 31 யான்யுவாரி ஒப் 1 ஃபேப்ருவாரி' என்றே எழுதுவார்கள். படுக்கப் போகையில் ஒரு நாள், தண்ணீர் வருகையில் இன்னொரு நாள். இரண்டு தேதியும் இல்லாமல் அந்த இரவைச் சொல்லிவிட முடியாது.

இனி வாடகை ஒப்பந்தம். அதில் 'டொட்' என்ற சொல் வரும், 'வரை' என்று பொருள். தமிழ் 'வரை' எவ்வளவு வழுக்குமோ இதுவும் அவ்வளவு வழுக்கும். "ஜூன் 1 வரை" என்றால் ஜூன் 1 சேர்த்தியா இல்லையா? டச்சுக்காரர்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். 'டொட் என் மெட்', வரை, அதையும் சேர்த்து. எழுத்தில் இதைச் சுருக்கி, நடுவில் சாய்கோடு போட்டு இரண்டே எழுத்தாக எழுதுவார்கள். கடை வாசலில், அலுவலகக் கதவில், மருந்துச் சீட்டில் எங்கும் அதைப் பார்க்கலாம். திங்கள் 'டொட் என் மெட்' வெள்ளி என்றால் வெள்ளியும் திறந்திருக்கும். வெறும் 'டொட்' இருந்தால் கூச்சப்படாமல் கேட்டு எழுதி வாங்குங்கள், சாவி கொடுக்க வேண்டிய நாள் அதில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வருகிற இன்னொரு சொல் 'பெர்'. 'பெர் 1 செப்டம்பர்' என்றால் செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வருகிறது. பேச்சில் அதற்கு 'வனாஃப்' என்பார்கள்.

குப்பை எடுக்கிற அட்டவணையில் 'ஒம் ட வேக்' என்று இருக்கும். மணிக்கு வந்த அதே 'ஒம்' இங்கே வேறு வேலை செய்கிறது. 'ஒம் ட டாஹ்' ஒருநாள் விட்டு ஒருநாள், 'ஒம் ட வேக்' ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். நம்மிடம் அச்சாக இருக்கிற வழக்கு. இதில் எண்ணைச் சேர்த்து 'ஒம் ட ட்வே வேகன்' என்று சொல்லும்போது எத்தனை வாரம் என்று கேட்பவருக்குக் குழப்பம் வரலாம். 'எல்க ட்வே வேகன்', இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

மதிய இடைவேளைக்கு 'டசன் ட மிட்டாஹ்' என்பார்கள். நண்பகலுக்கு இடையில் என்று எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தால் தலை சுற்றும். அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டிய சிலவற்றில் இது ஒன்று. அலுவலக நேரத்தில் என்பதற்கு 'டெய்டன்ஸ் கன்டோர்யூரன்'. இலங்கைத் தமிழர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அலுவலகத்துக்குச் சொல்கிற 'கந்தோர்' 1658 முதல் அங்கே ஆண்ட டச்சுக்காரர்கள் விட்டுப்போன அதே சொல்தான்.

மணியைக் கொஞ்சம் தளர்த்திச் சொல்ல 'ரொன்ட்', 'டேஹன்' இரண்டும் உண்டு. 'ரொன்ட் வெய்ஃப் யூர்' ஐந்து மணி வாக்கில், முன்னேயும் இருக்கலாம் பின்னேயும் இருக்கலாம். 'டேஹன் வெய்ஃப் யூர்' ஐந்தை நெருங்கி, ஆனால் ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். "சாயங்காலமா வரேன்" என்று மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த இரண்டும் நல்ல துணை. மணி சொன்னதாகவும் ஆகும், கழுத்தை நெரிக்கிற மாதிரியும் இருக்காது.

கடைசியாக, 'வன் ட வேக்'. புத்தகங்களில் இதற்கு அதிக இடம் கொடுப்பதில்லை, தெருவில் தினமும் காதில் விழும். இந்த வாரத்தில் என்று பொருள். ஆனால் கடந்த நாட்களா வரப்போகிற நாட்களா என்பதை அது சொல்லாது. "வன் ட வேக் அவரைப் பார்த்தேன்" என்றும் சொல்லலாம், "வன் ட வேக் பார்க்கிறேன்" என்றும் சொல்லலாம். 'வன்னாஹ்ட்' அதே மாதிரி, போன இரவும் அதுதான், வருகிற இரவும் அதுதான். "ராத்திரி தூக்கமே இல்லை", "ராத்திரி பேசுறேன்" என்று ஒரே 'ராத்திரி'யை இரண்டு பக்கமும் திருப்பிப் போடுகிற நமக்கு இது பழகின சங்கதி. டச்சிலும் வினைச்சொல் காதில் விழும்வரை காத்திருங்கள், எந்த இரவு என்று அது சொல்லிவிடும்.